நெல்லிச் சாறு குடித்த நீலம்

சோதனைக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் முதலில் ஒரு கேள்வி. ஒரு மூலிகைச் சாற்றைச் சோதிக்கிறீர்கள். முடிவு மோசமாக வருகிறது. என்ன செய்வீர்கள்? யாரும் சொல்லாமலே குப்பிகளைக் கழுவி, கரைசலைப் புதிதாகக் கலக்கி, இன்னொரு முறை பார்ப்பீர்கள். நல்லது. முடிவு மிக மிக நன்றாக வருகிறது. அப்போது என்ன செய்வீர்கள்?

டீ குடிக்கப் போவீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. எல்லோரும் அப்படித்தான். நான் இன்று சொல்லப்போவது, நல்ல முடிவு வந்ததால் நான் பயந்துபோன ஒரு நாளைப் பற்றி.

நீங்கள் ஊதா நிறக் கரைசலில் சாற்றை விடுகிறீர்கள். ஊதா மங்குகிறது. எவ்வளவு மங்கியது என்று கருவி எண்ணாகச் சொல்கிறது. இந்தச் சாறு ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கிறது என்று எழுதிக் கொடுக்கிறீர்கள். எங்கள் காலத்தில் அந்தக் கருவி இல்லை. ஆனால் நிறம் மங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் வேலை அதேதான்.

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேர்க்கடலைக் கொல்லைகளுக்கும் சவுக்குத் தோப்புகளுக்கும் நடுவில் புகைபோக்கிகள் எழும்பத் தொடங்கியிருந்தன. என் அப்பா கவரைப்பேட்டையில் பிறர் நிலத்தில் ஏர் ஓட்டியவர். நான் கல்லூரி முடிப்பதற்குள் அவர் இரும்புக்கம்பி ஆலையில் கூலிக்குச் சேர்ந்திருந்தார். எங்கள் தெருவில் வேதியியல் படித்த முதல் பெண் நான். ஞாயிறு ஆராதனையில் பாஸ்டர் என் பெயரைச் சொல்லி ஜெபித்த அளவுக்கு அது பெரிய விஷயம்.

எனக்கு வேலை கிடைத்தது அதே பக்கத்தில் ஒரு மூலிகைச் சாறு கம்பெனியில். அங்கே சோதனைக்கூடத்துக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் சீஃப் என்போம். திருவள்ளூரில் கோயில் கைங்கர்யம் செய்யும் வைணவக் குடும்பம். அவருடைய அண்ணன் தம்பிகள் சந்நிதியில் நிற்க, இவர் மட்டும் பியூரெட் என்ற அளவுக் குழாயின் முன்னால் நின்றார். விடியற்காலை ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, எங்களுக்கு முன்னால் வந்து சேர்ந்துவிடுவார். அவர் யாரையும் அதட்டி நான் கேட்டதில்லை.

கம்பெனியின் மானம் அந்த நாட்களில் ஒரு பொருளில்தான் இருந்தது. பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து சுறா மீன் ஈரல் எண்ணெய் வரும். அதில் ஏ வைட்டமின் நிறைய. அதைக் கடலை எண்ணெயோடு கலந்து, பாட்டிலில் அடைத்து, குழந்தைகள் விடுதிகளுக்கு அனுப்புவோம். மாலைக்கண் வராமலிருக்கக் குழந்தைகளுக்குக் கொடுக்கும் எண்ணெய் அது. ஆனால் மீன் எண்ணெய் காற்றும் வெயிலும் பட்டால் சீக்கிரம் காறிப்போகும். காறினால் முதலில் சாவது அந்த வைட்டமின்தான். காறாமல் தடுக்க வெளிநாட்டுப் பொடி ஒன்றைச் சேர்ப்பது வழக்கம். இறக்குமதி லைசென்ஸ் கிடைக்காமல் அந்தப் பொடி நின்றுபோன சமயத்தில், சீஃப் நெல்லிக்காயும் கடுக்காயும் சேர்ந்த ஒரு சாற்றை உருவாக்கினார். பொடியை விட அது நன்றாக எண்ணெயைக் காக்கிறது என்று சோதனை சொன்னது. முதலாளி இன்னொரு ஷெட் கட்ட அஸ்திவாரம் தோண்டினார். எங்கள் ஊர்க்காரர்கள் பலர் அந்த ஷெட்டில் வேலைக்குக் காத்திருந்தார்கள்.

சோதனை இதுதான். எண்ணெய் கெடத் தொடங்கியிருந்தால், நாம் அதில் சேர்க்கும் ஒரு ரசாயன உப்பிலிருந்து அது அயோடினைப் பிரித்துவிடும். கொஞ்சம் ஸ்டார்ச் விட்டால் குடுவை நீலமாகும். அந்த நீலம் மறையும் வரை பியூரெட்டிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு கரைசலை விடுவோம். நிறையச் சொட்டு தேவைப்பட்டால் எண்ணெய் கெட்டது. கொஞ்சம் போதுமென்றால் நல்லது.

நான் சொல்ல வந்த நாள் இருந்த வாரத்தில்தான் சரக்கை வெளியே விடும் சீட்டில் கையெழுத்துப் போடும் பொறுப்பு என்னிடம் வந்தது. அதுவரை சீஃப்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

சித்திரை மாத வெயில். பழவேற்காட்டிலிருந்து எண்ணெய் டிரம் ஏற்றி வந்த லாரி தச்சூர் கூட்டுரோட்டில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. வேறு லாரி பிடித்துச் சரக்கு வந்து சேர்வதற்குள் டிரம்கள் திறந்த வெளியில் நாள்கணக்கில் வெந்திருந்தன. இதை எனக்குச் சொன்னவர் டிஸ்பேட்ச் மேஸ்திரி கோதண்டம். சரக்கு ஏற்றி இறக்குவது முழுக்க அவர் கையில்.

"டிரம்ல கை வைக்க முடியலம்மா, அப்டி சுடுது. ஒண்ணுத்துல மூடி வேற லூசு. நான் சீஃபாண்ட சொன்னேன். சாறு கலந்துட்டா சரியாப்பூடும், உள்ள வுடுன்னாரு. காலைலயே தொட்டில கொட்டி கலந்தாச்சு."

காலி டிரம்களை நீராவி விட்டுக் கழுவியும் முடித்திருந்தார்கள்; சாறு கலக்காத எண்ணெய் சோதிக்க ஒரு சொட்டும் மிஞ்சவில்லை. பாட்டிலில் அடைப்பதும் முடிந்துவிட்டது. நான் ஒரு பாட்டிலைப் பிரித்துச் சோதித்தேன். மீன் எண்ணெயில் மூக்கை நம்பிப் பயனில்லை, நல்ல எண்ணெயே அப்படித்தான் நாறும். உப்பைச் சேர்த்தேன், ஸ்டார்ச் விட்டேன். இலேசான நீலம். பியூரெட்டைத் திறந்ததுமே மறைந்துவிட்டது.

கரையிலிருந்து அன்றே வந்த எண்ணெய்க்கு என்ன அளவு வருமோ அதே அளவு.

சந்தோஷப்பட வேண்டிய இடம். எனக்குப் பயம் வந்தது. ஏன் என்று எனக்கே முதலில் விளங்கவில்லை. திரும்பச் செய்தேன். அதே அளவு. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் பயத்துக்குக் காரணம் பிடிபட்டது. வெயிலில் வெந்தபோது அந்த எண்ணெயில் சாறே இல்லை. சாறு கலந்தது இன்று காலையில். சாறு இனிமேல் கெடாமல் தடுக்கலாம். ஏற்கெனவே கெட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா? வெந்த சோறு அரிசியாகுமா?

சீஃப் அறைக்குள் வந்தார்.

"என்ன எஸ்தர், பேயறைஞ்சாப்ல உக்காந்திருக்கே?"

அளவைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியா! வெயில்ல நின்ன எண்ணெய்க்கே இப்படின்னா, நம்ம சாறு லேசுப்பட்டதில்லை. சீட்டைப் போட்டுக் குடுத்துடு. லாரி நிக்கறது."

"சார், அது வெயில்ல நின்னப்ப சாறு கலக்கல இல்ல சார்?"

அவர் காதில் விழவில்லை. வெளியே முதலாளியின் கார் சத்தம் கேட்டு எழுந்து போய்விட்டார். விழவில்லையா, விழ விடவில்லையா என்று நான் பின்னால் பல தடவை யோசித்ததுண்டு.

கோதண்டம் வாசலில் வந்து நின்றார். "இன்னாமா எஸ்தரு, லாரிக்காரன் கத்திக்கினு கீறான். ஒரு கையெழுத்துக்கு இம்மாம் நேரமா?"

"இன்னும் கொஞ்ச நேரம் ஆவும்ணா."

"ரிசல்ட்டு நல்லாருக்குதுன்னு சீஃபே சொல்லிக்கினு போறாரு. உனுக்கு இன்னா பேஜாரு?"

கதவைச் சாத்திக்கொண்டேன்.

பிள்ளைகளே, இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் கை எதையாவது செய்யத் துடிக்கும். அதே சோதனையைப் பத்துத் தரம் திருப்பிச் செய்யலாம், பத்துத் தரமும் அதே பதில்தான் வரும். கேட்ட கேள்வியையே கேட்டால் சொன்ன பொய்யையே சொல்லும். வேறு கேள்வி கேட்க வேண்டும்.

அலமாரியில் பழைய எண்ணெய் பாட்டில் ஒன்று கிடந்தது. சாறு எதுவும் கலக்காதது. திறந்தால் தொண்டை கமறும், அவ்வளவு காறியது. அதைச் சோதித்தேன். மை ஊற்றியது போல நீலம். பியூரெட்டில் இருந்த கரைசல் இறங்கிக்கொண்டே இருந்தது. பிறகு அதே பாட்டிலிலிருந்து அதே அளவு எண்ணெய் எடுத்து, கொஞ்சம் சாற்றைக் கலந்து, ஒரு நிமிடம்கூட வைக்காமல் உடனே சோதித்தேன்.

நீலம் வரவே இல்லை.

செத்த எண்ணெய் கண் முன்னால் நல்ல எண்ணெயாகிவிட்டது. எந்த மருந்தும் அப்படிச் செய்யாது.

இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. சுவரில் முதலுதவிப் பெட்டி தொங்கியது. அதில் காயத்துக்குப் போடும் டிங்க்சர் அயோடின் பாட்டிலை எடுத்தேன். ஒரு குடுவைத் தண்ணீரில் சில சொட்டு விட்டேன். டீத்தண்ணீர் நிறம் வந்தது. இதில் எண்ணெயே கிடையாது. சாற்றை விட்டுக் குலுக்கினேன். வெறும் தண்ணீர் போலத் தெளிந்துவிட்டது.

சாறு எண்ணெயைக் காக்கிறதா என்பதை நாங்கள் ஒரு நாளும் அளந்திருக்கவில்லை. எண்ணெய் பிரித்துவிடும் அயோடினை, அது வர வர, நெல்லிச் சாறு குடித்துக்கொண்டிருந்தது. எண்ணெய் எவ்வளவு கெட்டிருந்தாலும் சாட்சி சொல்ல வந்தவனை வாசலிலேயே விழுங்கிவிட்டது. சாறு கெட்ட பொருளில்லை. அதன் நல்ல குணமே எங்கள் கண்ணைக் கட்டியிருந்தது.

அந்தக் குடுவையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொல்கிறேன். இதைச் சாக்கடையில் கொட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று தோன்றியது. அப்பாவின் முகம் வந்தது. புது ஷெட்டுக்காகக் காத்திருந்தவர்கள் வந்தார்கள். எல்லாவற்றையும் விட, சீஃப் முகத்தில் சற்று முன் பார்த்த மலர்ச்சி வந்தது. அதை அணைக்கப்போவது நான்.

குடுவையோடு முதலாளி அறைக்குப் போனேன். முதலாளி நாயுடுபேட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர். தமிழும் தெலுங்கும் கலந்து பேசுவார். சீஃப் அவருக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னாலேயே கோதண்டமும் வந்து நின்றுகொண்டார்.

நான் சொன்னேன். குடுவையைக் காட்டினேன்.

முதலாளிதான் முதலில் பேசினார். "ஏம்மா, எண்ணெ கெட்டுப்போச்சின்னு சொல்றியா?"

"கெட்டுப்போச்சின்னு என்னால காட்ட முடியாதுங்க."

"மரி? அப்போ நல்லாருக்குதுன்னுதானே அர்த்தம்?"

"நல்லாருக்குதுன்னும் காட்ட முடியாதுங்க. நமக்குத் தெரியாது. அத்த மட்டுந்தான் காட்ட முடியும்."

"கெட்டதுன்னு காட்டும்மா, இந்த நிமிஷம் லாரிய எறக்கறேன். காட்ட முடியலன்னா வழிய விடு. ஊரே நம்ம சாற நல்லாருக்குதுன்னு சொல்லுது, நேத்து வந்த பொண்ணு நீ..." அவர் சீஃப் பக்கம் திரும்பினார். "நைனா, நீ சொல்லு. உன் சாறு அது."

சீஃப் என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த குடுவையைப் பார்த்தார். "எங்கிட்டச் சொல்லிட்டு இங்க வந்திருக்கலாம்" என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

"சொல்ல வந்தேன் சார்."

அவர் எழுந்தார். சோதனைக்கூடத்துக்கு நடந்தார். நாங்கள் மூவரும் பின்னால் போனோம். அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, டிங்க்சர் பாட்டிலை எடுத்து, தண்ணீரில் விட்டு, தன் கையால் காய்ச்சிய சாற்றைத் தானே அளந்து ஊற்றினார். நிறம் போயிற்று. குடுவையைக் கழுவினார். இன்னொரு தரம் ஊற்றினார். நிறம் போயிற்று. மூன்றாவது தரம் குடுவையைக் கழுவியவர், சாற்றை ஊற்றாமல் அதைக் கவிழ்த்து வைத்தார்.

கோதண்டம் என் காதருகில், "இன்னாமா ஆச்சு?" என்றார்.

முதலாளி பொறுமை இழந்தார். "லாரி போலாமா, வாணாமா?"

சீஃப் தலையைக் குனிந்தபடியே கேட்டார். "போன சரக்கெல்லாம்?"

யாருக்கும் புரியவில்லை.

"இந்த லாரி இருக்கட்டும். இதுவரைக்கும் போன சரக்கெல்லாம் இதே சோதனையிலதானே பாஸாச்சு? எல்லாத்துலயும் என் கையெழுத்து இருக்கு." அவர் முதலாளியை நிமிர்ந்து பார்த்தார். "நான் நம்பித்தான் அனுப்பினேன். இப்ப நம்பிக்கையில்லை. லாரிய எறக்கச் சொல்லுங்கோ. நீங்க சொல்லலைன்னா நான் போய் டயர் முன்னால உக்காந்துக்கறேன்."

நான் ஒரு லாரியைப் பற்றிப் பயந்துகொண்டிருந்தேன். அவர் ஒரே நொடியில் அதைத் தாண்டி, அதுவரை போன லாரிகளையெல்லாம் பார்த்துவிட்டார். தன் சாறு தோற்ற அதே நொடியில். உங்களுக்கு அந்த வேகம் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். எனக்கு அன்று வரவில்லை.

முதலாளி ஜன்னல் வழியே அஸ்திவாரக் குழியைப் பார்த்தார். பிறகு தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். "எறக்கு, கோதண்டம்" என்றார்.

எந்தெந்தச் சரக்கில் எடுத்து வைத்த பாட்டில் இருந்ததோ அதிலெல்லாம் மாதிரி எடுத்து, வைட்டமினை நேரடியாக அளக்கும் ஒரு மெட்ராஸ் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினோம். பதில் வரும்வரை எண்ணெய் வேலை நின்றது. அந்த நாட்களைப் போல மோசமான நாட்களை நான் என் வேலையில் அதற்குப் பிறகு பார்த்ததில்லை. கோதண்டம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தற்காலிக ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாசஞ்சர் வண்டியில் நான் ஏறினால் பெண்கள் பேச்சை மாற்றினார்கள்.

அப்பா ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "இன்னாமா, உன்னாலதான் கம்பெனி மூடப்போறாங்கோன்னு ஆலையில பேசிக்கிறாங்கோ. நெசமா?"

"தெரிலப்பா."

"எண்ணெ கெட்டதுதானே? அதாவது தெரியுமா?"

"அதுவும் தெரிலப்பா."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "தெரியாததுக்கா இம்மாம் பேரோட வேலய நிறுத்திட்ட?" என்றார். அதில் திட்டு இல்லை, பயம்தான் இருந்தது. எனக்குப் பதில் தெரியும்: தெரியாததால்தான் நிறுத்தினேன். ஆனால் அந்தப் பதில் அன்று எனக்கே ருசிக்கவில்லை. எண்ணெய் நன்றாக இருந்துவிடக் கூடாதே என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன். அப்படி வேண்டுவது எவ்வளவு கேவலம் என்று தெரிந்தும் வேண்டிக்கொண்டிருந்தேன். குழந்தைகள் குடித்த எண்ணெய் அது.

மெட்ராஸிலிருந்து பதில் வந்தது. வெயிலில் நின்ற சரக்கில் வைட்டமின் பேருக்குத்தான் இருந்தது. முன்னால் போனவற்றில் பெரும்பாலானவை பரவாயில்லை, நல்ல எண்ணெயாக வந்தவை தம் பலத்தாலேயே தாக்குப்பிடித்திருந்தன. ஒரு சரக்கு மட்டும் கிட்டத்தட்டச் செத்திருந்தது. அது ஆர்.கே.பேட்டையில் ஒரு குழந்தைகள் விடுதிக்குப் போயிருந்தது.

கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடவில்லை. புது ஷெட் மட்டும் எழும்பவில்லை. வெளிநாட்டுப் பொடி பிறகு கிடைத்தது. எண்ணெய் வேலை திரும்பத் தொடங்கியதும் ஆட்களும் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். சீஃப் தன் சாற்றை விட்டுவிடவும் இல்லை. சோதனைக்கு முன் எண்ணெயிலிருந்து சாற்றை நன்றாகக் கழுவி நீக்கும் முறையைக் கண்டுபிடித்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் செய்து பார்த்தார். சாறு கொஞ்சம் காக்கத்தான் செய்தது. அவர் நம்பியதில் ஒரு சிறு பங்கு. அந்தச் சிறு பங்கை அப்படியே எழுதி வைத்தார். கூட்டிச் சொல்லவும் இல்லை, வெட்கப்பட்டு மறைக்கவும் இல்லை.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது அதில்லை.

பதில் வந்ததும் முதலாளி, ஆள் அனுப்பி விடுதியிலிருந்து அந்த பாட்டில்களை எடுத்து வரச் சொன்னார். சீஃப் கேட்கவில்லை. "நான் போறேன்" என்றார். நானும் கூடக் கிளம்பினேன். மெட்ராஸில் சோதித்து வாங்கிய நல்ல எண்ணெயை இரண்டு பைகளில் எடுத்துக்கொண்டோம். பஸ்ஸில் ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணி என்று மாறி மாறிப் போனோம். திருவள்ளூரில் அவர் வீடு கூப்பிடு தூரம்தான், இறங்கித் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திருத்தணி தாண்டிய பிறகு, வெளியே கரும்புக் கொல்லையைப் பார்த்தபடி, "எனக்கு அந்த அளவைப் பாக்கப் பாக்க அவ்வளவு பிடிச்சிருந்தது, எஸ்தர்" என்று மட்டும் சொன்னார்.

விடுதி வார்டன் ஒரு அம்மாள். காரியமான மனுஷி. பிள்ளைகளின் தலையில் ஒரு பேன் இருக்காது, தட்டில் ஒரு பருக்கை மிஞ்சாது, அப்படி ஒரு கண்டிப்பு. நாங்கள் எண்ணெயில் சத்து குறைந்துவிட்டது, மாற்ற வந்திருக்கிறோம் என்றதும் அவர் முகம் மாறியது.

"இன்னா சார் சொல்றீங்க? எந்த பாட்டிலு?"

காட்டினோம்.

"பவுனுன்னு ஒரு பொண்ணு சார். வரும்போதே மாலைக்கண்ணு. இருட்டிச்சுன்னா கைய புடிச்சிக்கினுதான் நடக்கும். இந்த எண்ணெ குடுத்தா சீக்கிரம் தெளிஞ்சிடும்னு டாக்டரு சொன்னாரு. மாசமாச்சு, தெளியல. மருந்து நல்ல மருந்து, அப்ப இவதான் துப்பிடறான்னு..." அவர் நிறுத்தினார். "மூக்க புடிச்சி ஊத்தினேன் சார். எல்லா புள்ளைங்க முன்னாடியும் வாய தொறந்து காட்டச் சொன்னேன். ரெண்டு அடியும் வச்சிருக்கேன். துப்பலம்மா துப்பலம்மான்னு அழுதுச்சு. நான் கொழந்தைய நம்புவனா, பாட்டில் மேல இருக்கற சீல நம்புவனா, நீங்களே சொல்லுங்க."

அந்த சீலுக்குப் பின்னால் இருந்தது சீஃபின் கையெழுத்து.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டோடு கூடத்தில் வரிசையில் நின்றார்கள். அந்தப் பெண் மட்டும் முற்றத்துச் சுவரோரம் ஒற்றைக் கையைச் சுவரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். எட்டு வயதிருக்கும். வரிசையிலிருந்து ஒரு பையன், "தே, துப்பல்காரி, சோறு வந்துச்சு" என்றான். அவளுக்கு அந்தப் பெயர் பழகியிருந்தது போல. அசையவில்லை.

சீஃப் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். வேட்டி அழுக்காவதைப் பார்க்கவில்லை. "பவுனு, நீ குடிச்ச எண்ணெயில சத்து இல்லைம்மா. அதைப் பாத்து அனுப்பினது நான்தான். தப்பு எம்பேர்ல. இப்ப நல்ல எண்ணெய் கொண்டுவந்திருக்கோம். இதைக் குடிச்சா கண்ணு தெளிஞ்சிடும்."

தெளிந்தது. அந்த மாதம் முடிவதற்குள் சாயங்காலத்தில் தனியாகக் கிணற்றடிக்குப் போய் வருகிறாள் என்று வார்டன் பிறகு தகவல் அனுப்பினார். ஆனால் அன்று அது எங்களுக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. கண்ணைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவுமில்லை.

குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்ப நான் துப்பல இல்ல?" என்றாள்.

"துப்பலைம்மா."

"அத்த அவங்க எல்லாத்துக்கிட்டயும் சொல்லு."

சீஃப் எழுந்தார். கூடத்துக்குள் போய் வரிசைக்கு முன்னால் நின்றார். முதலாளிக்கு முன்னால் நடுங்காத குரல் அங்கே நடுங்கியது.

"பசங்களா, இங்க கேளுங்கோ. நாங்க மருந்துக் கம்பெனியிலேர்ந்து வந்திருக்கோம். பவுனு ஒரு நாள்கூட மருந்தைத் துப்பலை. நாங்க சோதிச்சுப் பாத்துட்டோம். துப்பலை."

பிள்ளைகள் அவரைப் பார்த்தார்கள். வார்டன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். முற்றத்தில் பவுனு சுவரைத் தடவிக்கொண்டே எழுந்து, தட்டைத் தேடி எடுத்து, வரிசையில் வந்து நின்றாள்.